“1941 என்று அச்சிட்டிருக்கிறது”: அப்பாவின் பறவைப் புத்தகத்துக்கு என்ன மதிப்பு?

வாசகர் கேள்விக்குப் பழைய நூல் மதிப்பீட்டாளர் பதில்

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து 52 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை வேதாரண்யம் பக்கத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறை நாட்களில் கோடியக்கரைக்குச் சென்று, பறவைகளின் காலில் வளையமிடும் முகாம்களில் வலை கட்டவும் எடை பார்த்துக் குறிப்பெடுக்கவும் கூலி வாங்காமல் உதவியவர். சென்ற ஆண்டு அவர் காலமான பிறகு அலமாரியை ஒழித்தபோது, பறவையியலாளர் சாலிம் அலியின் ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ கிடைத்திருக்கிறது. முதல் வெற்றுத்தாளில் தந்தையின் பெயர், அதன் கீழே நன்றி சொல்லும் ஒரு வரி, நீல பால்பாயிண்ட் பேனாவில் சாலிம் அலியின் பெயரில் கையெழுத்து, “ஜனவரி 1983” என்ற தேதி. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் “முதல் பதிப்பு 1941” என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் இதே தலைப்புக்கு ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் போட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து வாசகிக்குத் தூக்கம் போயிற்று. கனடாவில் இருக்கும் அண்ணன், “அனுப்பி வை, இங்கே டாலரில் விற்றுத் தருகிறேன்” என்கிறார். ஊரிலுள்ள பைண்டர், கரை வெட்டி ரெக்சின் போட்டுப் புதிது போல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். அப்பா பெயர் இருப்பதால் விலை குறையும், அதை எடுத்துவிடுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்குப் பக்கமெல்லாம் அப்பாவின் பென்சில் கிறுக்கல்கள். புத்தகம் எவ்வளவு பெறும், விற்கலாமா, விற்பதானால் யாரிடம் என்பவை கேள்விகள். கைப்பேசியில் எடுத்த ஆறு படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நல்ல செய்தி, ஏமாற்றம் தரும் செய்தி இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஏமாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தள்ளிப்போட்டால் மற்றவற்றை நீங்கள் கவனமாகப் படிக்க மாட்டீர்கள். உங்களிடம் இருப்பது 1941ஆம் ஆண்டின் முதல் பதிப்பு அல்ல.

1941 என்ற அந்த ஒரு வரி

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், புத்தகத்தை விரித்துப் பிடிப்பதற்காக உங்கள் கட்டைவிரல் பக்கத்தின் மேல் இருக்கிறது. விரலுக்கு மேலே “முதல் பதிப்பு 1941” என்ற வரி தெளிவாகத் தெரிகிறது. விரலுக்குக் கீழே ஒரு வரியின் வால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் அது “79” என்று முடிவதைக் காணலாம். விரல் மறைத்திருப்பது இடைப்பட்ட பதிப்புகளின் பட்டியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1941இல் முதன்முதலாக வெளியிட்ட இந்த நூலின் பதினோராம் பதிப்பு 1979இல் வந்தது. உங்கள் தந்தை வாங்கியது அதைத்தான்.

பதிப்பாளர்கள் ஒவ்வொரு பதிப்பிலும் நூலின் வரலாற்றை வரிசையாக அச்சிடுவது வழக்கம். அதில் முதல் வரி நூல் எப்போது பிறந்தது என்பதைச் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் பிரதி எப்போது பிறந்தது என்பதைக் கடைசி வரிதான் சொல்லும். என்னிடம் “முதல் பதிப்பு” என்று வருகிற பத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஆகவே இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒன்றரை லட்சம் கேட்டவரே சறுக்கியிருக்கலாம்.

பட்டியல் கிழிந்துபோன பிரதிகளிலும் ஆண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டு. விலை அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முன்னால் விலையிடப்பட்ட நூல். நயா பைசா அதன் பிறகுதான் வந்தது. பதிப்பாளரின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தைய அச்சாக இருக்க முடியாது. இரண்டாம் பதிப்புக்கான முன்னுரை உள்ளே இருந்தால் அது முதல் பதிப்பு அல்ல என்று சொல்ல நிபுணரே தேவையில்லை. உங்கள் பிரதியின் மேலுறை மடிப்பில் நூலாசிரியர் பத்ம விபூஷண் பெற்றவர் என்று இருப்பது ஐந்தாவது படத்தில் தெரிகிறது. அவருக்கு அந்த விருது 1976இல் வழங்கப்பட்டது. கட்டைவிரல் இல்லாமலே வழக்கு முடிந்துவிடுகிறது.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே பதிப்பைப் பலமுறை அச்சடிப்பார்கள். சேகரிப்பவர் “முதல் பதிப்பு” என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது முதல் பதிப்பின் முதல் அச்சு. பறவை பார்ப்போருக்கான கையேடு போன்ற பொழுதுபோக்கு நூல்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. நாவலை ஒருமுறை படித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். இந்தப் புத்தகமோ பையில் ஏறி, மழையில் நனைந்து, சேற்றுக் கையால் புரட்டப்பட்டு உழைத்துத் தேயும். புதிய பதிப்பு வந்ததும் பழையதை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் 1941 பிரதி, அதிலும் மேலுறையோடு, கிடைப்பது அரிது. பிற்காலப் பதிப்புகளோ பழைய புத்தகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. கையெழுத்தில்லாத 1979 பதிப்பைப் பொறுத்தவரை, அது நல்ல நிலையில் இருந்தாலும், வாங்குபவர் படிக்கத்தான் வாங்குகிறார், சேகரிக்க அல்ல.

இனி நல்ல செய்தி. உங்கள் பிரதியின் மதிப்பு அச்செழுத்தில் இல்லை; பேனாவிலும் பென்சிலிலும் இருக்கிறது.

கையெழுத்து யாருடையது?

விலையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். படத்தை வைத்துக்கொண்டு யாரும் உறுதி சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். முதல் சோதனையை நீங்களே செய்யலாம். தாளைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பால்பாயிண்ட் பேனா தாளில் ஒரு சிறு பள்ளத்தை உழுதுகொண்டு போகும். பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் அதன் மேடு தட்டுப்படும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது கோடு புள்ளிகளாகச் சிதறினால் அது அச்சிட்ட கையெழுத்து. பேனா திரும்பும் இடங்களில் மை திட்டாகத் தேங்கியிருந்தால் அது கையால் எழுதியது.

கையால் எழுதியது என்பது முதல் படி மட்டுமே. யார் கையால் என்பதுதான் இரண்டாவது. 1896 நவம்பரில் பிறந்த சாலிம் அலி 1983 ஜனவரியில் 86 வயது முதியவர். அவருடைய ஐம்பது வயதுக் கையெழுத்தோடு இதை ஒப்பிட்டுவிட்டு “நடுக்கமாக இருக்கிறது, போலி” என்று யாராவது சொன்னால் அது தவறான ஒப்பீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் எழுதிய, தேதியுள்ள கடிதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். மும்பையிலுள்ள இயற்கை வரலாற்றுக் கழகத்திலும், கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையத்திலும் விசாரித்துப் பாருங்கள். பணிவாக ஒரு கடிதம் எழுதி, தெளிவான படத்தை இணைத்தால் வழி கிடைக்கும். ஆனால் அந்தப் படத்தை முகநூலிலோ வாட்ஸாப் குழுக்களிலோ போடாதீர்கள். போலி செய்பவருக்கு நாமே மாதிரி அனுப்பியதாக ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். கோடியக்கரைக்கும் சாலிம் அலிக்குமான தொடர்பு பழையது. அந்தப் பகுதியின் முக்கியத்துவத்தை அவர் 1962இல் எடுத்துச் சொன்னார். 1967இல் அது சரணாலயமானது. வளையமிடும் முகாம்களை நடத்தியதும் அவர் சார்ந்த கழகம்தான். ஆகவே வலை கட்ட உதவிய ஆசிரியர் ஒருவருக்கு அவர் நன்றி எழுதிக் கொடுத்தார் என்பது நடந்திருக்கக்கூடிய கதை. நடந்திருக்கக்கூடியது என்பதிலிருந்து நடந்தது என்பதற்குக் கொண்டுபோக ஏதாவது ஒரு தாள் வேண்டும். முகாமில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம், ஒரு அஞ்சலட்டை, அந்த ஆண்டின் நாட்குறிப்பு, பள்ளிக்குக் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தின் நகல் என எதுவானாலும் சரி. அப்பாவின் டிரங்குப் பெட்டியை இன்னும் எடைக்குப் போடவில்லை என்றால், தயவுசெய்து போடாதீர்கள்.

பெயரும் பென்சிலும்

“பெயர் எழுதியிருந்தால் விலை குறையும்” என்பதில் பாதி உண்மை உண்டு. யாரென்றே தெரியாத ஒருவருக்கு வாழ்த்து எழுதிய பிரதியைவிட வெறும் கையெழுத்து மட்டுமே உள்ள பிரதியைச் சிலர் விரும்புவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் நூலின் பொருளோடு தொடர்புள்ளவராக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. இங்கே பெயருக்குரியவர் வழியில் நின்று கையெழுத்து வாங்கிய ரசிகர் அல்ல. அந்த முகாமில் வேலை செய்தவர். மேலும், பெயரோடு எழுதிய நான்கு வரியைப் போலியாக எழுதுவது வெறும் கையெழுத்தைப் போலியாகப் போடுவதைவிடக் கடினம். அந்தத் தாளை வெட்டினால் கையெழுத்துக்குத் தேதியும் இராது, காரணமும் இராது. பெயரை மட்டும் சுரண்டி எடுத்தாலோ, பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டுப் புத்தகம் போலத் தெரியும்.

பென்சில் குறிப்புகளை நீங்கள் “கிறுக்கல்” என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆறாவது படத்தில் பூநாரைப் பக்கத்தின் ஓரத்தில், பள்ளி ஆசிரியருக்கே உரிய அந்த முத்து முத்தான கையெழுத்தில், “14.12.80, உப்பளத்துக்கு மேற்கே, எண்ண முடியவில்லை, நாலாயிரம் இருக்குமா?” என்று இருக்கிறது. அதற்குக் கீழே வேறு பென்சிலில், “84இல் இதில் பாதி கூட இல்லை”. தேதியும் இடமும் எண்ணிக்கையும் உள்ள இப்படிப்பட்ட குறிப்புகளைப் பறவை ஆய்வாளர்கள் தேடி அலைகிறார்கள். பழைய பார்வைக் குறிப்புகளை, பறவை பார்ப்போரின் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் இன்றைக்கும் பதிவேற்ற முடியும். கையெழுத்தையும் இந்தக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது ஒரு தனிப் பிரதியாகிறது. அழிரப்பர் கொண்டு துடைத்தால் மிஞ்சுவது கடையில் கிடைக்கும் 1979 பதிப்பு.

பைண்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். பள்ளி நோட்டுக்கும் கோயில் கணக்குக்கும் அவர் செய்வது சரியான வேலை. ஆனால் கரை வெட்டினால் ஓரத்துக் குறிப்புகள் பாதி போகும். மேலுறையும் மூல அட்டையும் குப்பைக்குப் போகும். முதுகு கிழிந்திருப்பதால் விலை ஓரளவு குறையும். புது ரெக்சின் போட்டால் அதைவிட அதிகம் குறையும். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும்தான் பெரிய எதிரிகள். சுவரை ஒட்டாத மர அலமாரியில், அடுத்தடுத்த புத்தகங்கள் அழுத்தாமல், நிமிர்த்தி வையுங்கள். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். வேப்பிலையை அலமாரியின் மூலையில் போடலாம். தாள்களுக்கு நடுவே வைத்தால் கறை பிடிக்கும்.

விலை எங்கே பிறக்கிறது?

சென்னை மூர் மார்க்கெட்டில், அது 1985இல் தீக்கிரையாவதற்கு முன், சிறுவனாகக் கடைப்பையன் வேலை பார்த்தபோது நான் கற்ற முதல் பாடம், கேட்கிற விலை விலையல்ல என்பது. ஒன்றரை லட்சம் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அது எத்தனை மாதமாக அங்கே இருக்கிறது, யாராவது வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளிலும், சில விற்பனைத் தளங்களில் “விற்கப்பட்டவை” என்று வடிகட்டிப் பார்க்கும் வசதியிலும்தான் உண்மை விலை இருக்கிறது. அங்கே தேடும்போதும் ஒப்பிட வேண்டியது 1941 பிரதியை அல்ல. இதே ஆசிரியர் கையெழுத்திட்ட எழுபதுகள், எண்பதுகளின் பிரதிகளை. சாலிம் அலியின் வேறு நூல்கள், உதாரணமாக 1985இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் கையெழுத்திட்ட பிரதிகள், நெருக்கமான ஒப்பீடாக அமையும். அந்த விலைகளில் மூன்று நான்கு கிடைத்தால் அடித்தளம் தெரிந்துவிடும். அதன்மேல் உங்கள் பிரதியின் நன்றி வரி, முகாம் சான்றுகள், களக்குறிப்புகள் ஆகியவற்றுக்காகக் கூட்டவும், முதுகுக் கிழிசலுக்காகவும் நீர்க்கறைக்காகவும் கழிக்கவும் வேண்டும். வண்ணப் படத்தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று உள்ளே இருக்கும் பட்டியலோடு எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மதிப்பு இறங்கும்.

இந்தக் கடிதத்தில் ஒரு ரூபாய்க் கணக்கைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கையெழுத்து உறுதியாகாமல் சொல்லும் எண் ஊகம்தான். லட்சங்களை மறந்துவிடுங்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஒரே புத்தகத்துக்கு மூன்று மதிப்புகள் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குக்காக, சேகரிப்பவர் ஒருவர் இதற்கு 10,000 ரூபாய் தருவார் என்று வைத்துக்கொள்வோம். பழைய புத்தக வியாபாரி உங்களிடம் மூவாயிரத்திலிருந்து ஐந்தாயிரம்வரைதான் தருவார். அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். வாங்குபவர் வரும்வரை ஆண்டுக்கணக்கில் பணத்தை முடக்கி வைப்பவர் அவர். ஏலத்தில் விட்டால், ஏல நிறுவனம் விற்பவரிடம் பிடிக்கும் கழிவு போக மீதி வரும். விலைபோகாமல் திரும்பி வரவும் கூடும், அப்படித் திரும்பியது பதிவிலும் இருக்கும். காப்பீட்டுக்காகவோ பாகப்பிரிவினைக்காகவோ எழுதும் மதிப்பு இவ்விரண்டிலிருந்தும் வேறு. ஆகவே யாராவது மதிப்பிட்டுத் தந்தால் “எதற்கான மதிப்பு இது?” என்று கேளுங்கள். மதிப்பிடுபவரே “நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். எனக்கும் இது பொருந்தும்.

அண்ணனும் கனடாவும்

நான் வழக்குரைஞர் அல்ல. என் தொழிலில் அடிக்கடி குறுக்கே வருகிற இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். அப்பா உயில் எழுதவில்லை என்றும் அம்மா உங்களோடு இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமானால், அப்பாவின் சொந்தப் பொருளில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அலமாரி உங்கள் வீட்டில் இருப்பதால் புத்தகம் உங்களுடையதாகிவிடாது. அண்ணன் மூத்தவர் என்பதால் அவருடையதாகவும் ஆகாது. விற்பதற்கு முன் மூவரும் கையெழுத்திட்ட ஒரு எளிய தாள் இருக்கட்டும். வாங்குபவர் அதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பொறுத்தவரை, உங்களுடையது முதல் பதிப்பாக இல்லாமல் போனதில் ஒரு நன்மை உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் 75 ஆண்டு கடந்துவிட்டால் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அவற்றை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1941 பிரதி என்றால், அது இந்த வரையறைக்குள் வருமா என்று தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். 1979 பிரதிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. டாலர் என்றால் விலை ஏறும் என்பது வேறு சில நூல்களுக்குப் பொருந்தலாம். இதைப் பொக்கிஷமாக நினைக்கக்கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்: மும்பையில், கோவையில், உங்கள் மாவட்டத்திலேயே தொலைநோக்கியோடு அலையும் இளைஞர்களிடத்தில். டொராண்டோவில் ஒரு கடைக்காரருக்குக் கோடியக்கரை என்ற பெயரைச் சொல்லிப் புரியவைக்கவே அரைநாள் ஆகும். புத்தகம் தனியாக விமானம் ஏறி, அஞ்சலட்டையும் நாட்குறிப்பும் டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டால், சான்று ஒரு கண்டத்திலும் பொருள் இன்னொரு கண்டத்திலுமாகப் பிரிந்துபோகும்.

உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் இவ்வளவுதான். பணம் உடனடியாகத் தேவையில்லை என்று எழுதியிருப்பதால், இப்போதைக்கு விற்காமல் சான்றுகளைத் திரட்டுவது முதல் வழி. நான் இதையே சொல்வேன். கையெழுத்து உறுதியானதும் புத்தகத்தையும் தாள்களையும் ஒரே தொகுப்பாக, பிரிக்காமல், சேகரிப்பவர் ஒருவருக்கு நேரடியாக விற்பது இரண்டாவது. ஆனைகட்டி மையம் போன்ற நிறுவனம் ஒன்றுக்கு அப்பாவின் பெயரால் கொடுப்பது மூன்றாவது. கொடுப்பதானால், பொது அடுக்கில் முத்திரை குத்திச் சேர்த்துவிடாமல் தனித்தொகுப்பாக வைப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும், அதற்கு முன் ஓரக்குறிப்புள்ள பக்கங்களைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் குறிப்புகளின் பதிப்புரிமை வாரிசுகளான உங்களுக்குரியது. அச்சிட்ட நூலின் உரிமை அப்படியல்ல என்பதால் முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து பரப்பிவிட வேண்டாம்.

எனக்கு மூன்று படங்கள் மறுபடியும் வேண்டும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை விரலை விலக்கி எடுங்கள்; கையெழுத்துள்ள தாளின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். மூன்றாவதாக, டிரங்குப் பெட்டியில் 1983 ஜனவரி நாட்குறிப்பு கிடைத்தால், அந்த மாதத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்து அனுப்புங்கள்.